பதினான்கு மெயில்களும் ஒரு கிணறும்

க்ளென் ஸ்டர்டிவன்டுக்கு நான் இரண்டு வருடங்களில் பதினான்கு மெயில்கள் அனுப்பினேன். ஆன்சல் திபோடோ அவருக்கு ஒரு கிணறு தோண்டிக் கொடுத்தான். எங்கள் இருவரையும் ஒரே நாளில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். இதில் என்ன நியாயம் என்று யாராவது விளக்கினால் இன்றைக்கும் கேட்டுக்கொள்ளத் தயார்.

மேற்கு மிச்சிகனில் எங்கள் கல்லூரி நர்ஸுகளுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் பேர் போனது. நியூயார்க்கின் முதலீட்டு வங்கிகள் ஆள் எடுக்கப் போகும் கல்லூரிகளின் பட்டியலில் அது கிடையாது. பட்டியலுக்கு ஒரு அடிக்குறிப்பு போட்டால் அதிலும் வராது. எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு ஸ்டர்டிவன்ட். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் எங்கள் கல்லூரியில் படித்துவிட்டு, எப்படியோ பார்க் அவென்யூவில் பெல்டிங் கார்மோடி என்ற வங்கிக்குள் நுழைந்து, மேனேஜிங் டைரக்டர் வரை போனவர். வருடத்துக்கு ஒரு மாணவனை, ஒரே ஒருவனை, கோடை விடுமுறையில் பத்து வார வேலைக்கு எடுப்பார். அந்தப் பத்து வாரம் சொதப்பாமல் இருந்தால் படிப்பு முடிந்ததும் அங்கேயே நிரந்தர வேலை. அந்த இடம் என்னுடையது என்று முதலாண்டிலேயே முடிவாகிவிட்டது. ஸ்டர்டிவன்டுக்குத்தான் அது தெரியாமல் இருந்தது.

நான் நிதித்துறை மாணவன். நிதி மன்றத்தின் தலைவன். மன்றத்தில் மொத்தம் பதினோரு பேர். ஒன்பது பேர் துணைத் தலைவர்கள். மிச்சமிருந்த ஒருவன் சாதாரண உறுப்பினன்; அவன் பீட்சாவுக்காக வந்தவன். செவ்வாய்க்கிழமைதோறும் எல்லோரும் கையில்லாத கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கூடுவோம். நியூயார்க் வங்கிக்காரர்கள் அப்படித்தான் போடுவார்களாம். நவம்பரிலேயே முழங்கால் அளவு பனி விழும் ஊரில் கையில்லாத சட்டை போடுவதற்கு உடம்பில் கொழுப்பு மட்டும் போதாது, மனதில் லட்சியமும் வேண்டும்.

ஆன்சலுக்கு லட்சியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அவன் படித்தது பாறைகளை. விடுதியில் எனக்கு எதிர் அறை. அவன் அறைக்குள் நுழைந்தால் நாற்காலியில் ஒரு கல் உட்கார்ந்திருக்கும். அதை நகர்த்தினால் 'பாத்து, அதுக்கு நூறு கோடி வயசு' என்பான். நேர்காணலுக்கு முந்தைய கோடையில் கிணறு தோண்டும் ஒரு கம்பெனியில் கூலிக்குப் போயிருந்தான். ஏரிக்கரையில் ஸ்டர்டிவன்டின் கோடை வீட்டில் கிணறு வற்றிவிட்டது. மூன்று இடத்தில் துளை போட்டும் தண்ணீர் இல்லை. இவன் மண்ணை முகர்ந்து பார்த்துவிட்டு (நிஜமாகவே முகர்ந்தானாம்) வீட்டுக்குப் பின்னால் ஒரு இடத்தைக் காட்டி, இங்கே நாற்பது அடி என்றிருக்கிறான். முப்பத்தெட்டில் வந்துவிட்டது. தண்ணீரைக் குடித்துப் பார்த்த ஸ்டர்டிவன்ட், என்ன படிக்கிறாய், எங்கே படிக்கிறாய் என்று கேட்டு, நம் கல்லூரியா என்று கட்டிக்கொண்டு, எங்கள் வங்கிக்கு வந்து பேசிப் பாரேன் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அவர் கொடுத்தது போனில் பதினைந்து நிமிடம். ஏழு கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். ஐந்தாவது கேள்வியில் அவர் எதையோ மென்றுகொண்டிருந்தது கேட்டது.

ஆன்சல் இதை வந்து என்னிடம் சொன்னபோது, நிதி மன்றத் தலைவனுக்கு உரிய புன்னகையோடு கேட்டுக்கொண்டேன். முதலீட்டு வங்கி என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியுமா என்று விசாரித்தேன். கம்பெனிகளை விற்கவும் வாங்கவும் தரகு பார்க்கிற இடம்தானே என்றான். மூன்று வருடமாக நான் என் அம்மாவுக்குப் புரிய வைக்க முடியாமல் போனதை அவன் ஒரு வாக்கியத்தில் சொன்னதும் எனக்கு வயிறு எரிந்தது. அம்மா அதுவரை நான் ஏதோ கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணப் போவதாகத்தான் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தலைவரே, இதுக்கு ஏதோ கைடு இருக்காமே? ஒரு வாரம் குடேன், புரட்டிட்டுத் தந்துடறேன்" என்றான்.

கைடு இருந்தது. நானூறு கேள்வி, நானூறு பதில். இந்தத் தொழிலுக்குள் நுழைய நினைக்கும் ஒவ்வொருவனும் அதை மனப்பாடம் செய்கிறான். கேள்வி கேட்பவனும் அதை மனப்பாடம் செய்து உள்ளே போனவன்தான். ஆகவே நேர்காணல் என்பது இரண்டு பேர் ஒரே பாட்டை மாறி மாறிப் பாடுவது. என்னிடம் இரண்டு பதிப்புகள் இருந்தன. புதியது என் மேஜையில். பழையது, ஒன்பது வருடப் பழசு, மன்றத்தின் அலமாரியில், அட்டையில்லாமல். இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றுதான். அந்த வருடம் அரசாங்கம் கம்பெனி வரியைக் குறைத்திருந்தது. பழைய கைடில் எல்லாப் பதிலும் நாற்பது சதவீத வரியில் போட்ட கணக்கு. புதியதில் இருபத்தைந்து. பழசைப் படித்தவன் வாயைத் திறந்தால் தப்புதான் வரும்.

அலமாரியைத் திறந்து பழசை எடுத்துக் கொடுத்தேன். முக்கியமான பக்கங்களை மடித்தும் கொடுத்தேன்.

நேர்காணலுக்கு முந்தைய நாள் கிராண்ட் ராபிட்ஸிலிருந்து ஒரே விமானத்தில் போனோம். டிக்கெட்டும் ஓட்டலும் வங்கியின் செலவு. நான் அம்மா தவணையில் வாங்கிக் கொடுத்த கருநீல சூட்டில் இருந்தேன். ஆன்சல் கல்லூரி பாடகர் குழு ஆசிரியரிடம் இரவல் வாங்கிய கோட்டில் வந்திருந்தான். கை இரண்டு அங்குலம் குட்டை. நான் விமானம் முழுக்கப் புதிய கைடைப் பத்திரிகைக்குள் மறைத்து வைத்துப் படித்தேன். அவன் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரோடு வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை காலை. ஆறு அறைகள், ஆறு பேர், ஒவ்வொருவரிடமும் அரை மணி. மணி அடித்தாற்போல் ஒரு அறையிலிருந்து எழுந்து அடுத்த அறைக்குப் போக வேண்டும். முதல் நான்கு அறைகளில் நான் ஊதித் தள்ளினேன் என்று சொல்ல ஆசை. உண்மையும் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஐந்தாவது அறையில் ரோஸ்லின் டெப்பர் என்ற பெண். மூன்று வருடமாக அங்கே வேலை பார்ப்பவள், ஒரு வாரமாகத் தூங்காத கண்கள். பழைய பாட்டைத்தான் ஆரம்பித்தாள்: ஒரு கம்பெனியின் இயந்திரத் தேய்மானம் பத்து டாலர் கூடுகிறது, வரி இருபத்தைந்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால்—

"நிகர லாபம் ஆறு குறையும்" என்றேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "நான் இன்னும் கேட்டே முடிக்கலையே. இருபத்தஞ்சுன்னு சொன்னேன். நீங்க எத்தனையில போட்டீங்க?"

நாற்பதில் போட்டிருந்தேன்; பத்தில் வரி நான்கு போக மிச்சம் ஆறு. முதலாண்டில் அதே அட்டையில்லாத கைடில்தான் நானும் இந்தக் கேள்வியைப் படித்தேன். விடுதிக் குளியலறையில், பேருந்தில், பல் விளக்கும்போது 'பத்து கூடினால் ஆறு குறையும்' என்று சொல்லிச் சொல்லி அது நாக்கிலேயே குடியேறிவிட்டது. பின்னால் வாங்கிய புதிய பதிப்பு மூளைக்குப் போனது, நாக்குக்குப் போகவில்லை. ஏழரை என்று உடனே திருத்திக்கொண்டேன். அவள் தலையசைத்து எதையோ எழுதினாள். ஆறாவது அறையில் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை.

மதியம் லகார்டியா விமான நிலையத்துக்கு வந்தோம். மூடுபனி. எங்கள் விமானம் எப்போது கிளம்பும் என்று அறிவிப்புப் பலகைக்கே தெரியவில்லை. வங்கிக்காரர்களின் வழக்கம் எனக்குத் தெரியும்: நேர்காணல் முடிந்த அன்றே உட்கார்ந்து வரிசைப்படுத்தி, சாயங்காலத்துக்குள் போனில் கூப்பிட்டுவிடுவார்கள். திங்கள் வரை சத்தமில்லை என்றால் அதுவும் ஒரு பதில். ஆகவே என் போனை மேஜையில் முகம் மேலே பார்க்கும்படி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஆன்சல் தன் போனை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்தான்.

ரோஸ்லின் அவனிடமும் தேய்மானத்தைக் கேட்டாளா என்று மெதுவாக விசாரித்தேன்.

"கேட்டாங்க. புக்குல ஆறுன்னு போட்டிருக்கு, ஆனா அது அட்டையே இல்லாத பழைய புக்கு, வரி இன்னும் அதேதானான்னு எனக்குத் தெரியாது, நீங்களே சொல்லுங்கன்னேன். சிரிச்சிட்டாங்க. அப்புறம் அவங்களே வரியைச் சொன்னாங்க, ரெண்டு பேருமாச் சேர்ந்து போட்டோம். நல்ல பொண்ணுடா."

ரெண்டு பேருமாச் சேர்ந்து போட்டார்களாம். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று மணி நேரத்தில் விமானம் ஏறும் அந்த வாயிலில் காத்திருந்த அத்தனை பேருக்கும் ஆன்சலைத் தெரிந்துவிட்டது. தரையில் பதித்திருந்த கற்சில்லுகள் எந்த ஊர்ப் பாறை என்று ஒரு வயதான தம்பதிக்குக் காட்டினான். அவர்கள் தங்கள் சாண்ட்விச்சில் பாதியைக் கொடுத்தார்கள். விமான நிறுவனத்துப் பெண் இவனிடம் மட்டும் ரகசியமாக, இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் அந்தப் பாதி சாண்ட்விச்சையும் இரண்டாக்கி எனக்குக் கொடுத்தான். ஏதோ சொன்னான், நான் சிரித்துவிட்டேன். அவனை வெறுக்க நான் எடுத்துக்கொண்ட முயற்சியில் கால்வாசியை என் படிப்பில் போட்டிருந்தால் நல்ல கல்லூரிக்கே போயிருப்பேன்.

நாலரைக்கு அவன் போன் அடித்தது. கோட்டின் உள்பையில் இருந்தது. எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனான். முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல செய்தி கேட்பவனின் முதுகு கொஞ்சம் முன்னால் வளையும்.

திரும்பி வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "குடுத்துட்டாங்கடா" என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே, "உனக்கும் வரும்" என்றான்.

இருப்பது ஒரு இடம் என்று அவனுக்கும் தெரியும். வாழ்த்துச் சொன்னேன். எழுந்து நின்று, கையைப் பிடித்துக் குலுக்கி, தோளில் தட்டி, மன்றத்தில் நாங்கள் பயிற்சி செய்த முறைப்படியே சொன்னேன். ஒத்துக்கொண்டாயா என்று கேட்டேன். திங்கள் காலை ஒன்பது மணி வரை யோசிக்க நேரம் கொடுத்திருக்கிறார்களாம்.

ஐந்து நிமிடம் கழித்து என் போன் அடித்தது. ரோஸ்லின். தள்ளிப் போய் எடுத்தேன்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. வரிசையில் நான் இரண்டாவது. முதல் ஆள் திங்கள் காலைக்குள் வேண்டாம் என்று சொன்னால் இடம் எனக்கு. பேப்பர் தயாராக இருக்கிறது, பெயரை மட்டும் மாற்ற வேண்டும். நான் செய்த தவறு அந்த ஆறா என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாரும் பெருசா எடுத்துக்கல. எல்லாருமே அப்படி ஒண்ணு உளறுவாங்க" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "எங்ககிட்ட ஒரு கேள்வி உண்டு. இந்த ஆளோட ஆறு மணி நேரம் ஏர்போர்ட்ல மாட்டிக்கிட்டா தாங்குமான்னு கேட்டுக்குவோம். அதுல நீங்க கொஞ்சம்... சரி விடுங்க. இப்ப எங்க இருக்கீங்க?"

ஏர்போர்ட்டில் என்றேன்.

திரும்பி வந்தபோது ஆன்சல் உப்பு தூவிய பிரெட்செல் ரொட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, தின்னாமல் எனக்காகக் காத்திருந்தான். அம்மாவா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் கோட்டுப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேஜையில் வைத்தான்.

"தலைவரே, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். நேத்து ஃப்ளைட்ல எனக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் உக்காந்திருந்தாரே, இது அவரோடது."

அட்டையில் இருந்த வங்கியின் பெயர், என் அம்மாவுக்கே தெரிந்த பெயர். பெல்டிங் கார்மோடி மாதிரி பத்து வங்கிகளை அதன் வாசலில் நிறுத்தி வைக்கலாம். எங்கள் கல்லூரியிலிருந்து அதற்குள் போனவர்கள் யாராவது இருந்தால் கண்ணாடி துடைக்கப் போயிருப்பார்கள். நான் பத்திரிகைக்குள் கைடை மறைத்துப் படித்துக்கொண்டிருந்தபோது, எனக்கு இரண்டு இருக்கை தள்ளி அந்த வங்கி உட்கார்ந்து கடலை தின்றிருக்கிறது.

"வேற யாராவது உன்னை எடுத்தா, சரின்னு சொல்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுன்னாரு. போடலாமா? இல்ல, அது க்ளெனுக்கு துரோகமா?"

அவன் முதல் நாளிலிருந்தே அவரை க்ளென் என்றுதான் சொன்னான். நான் பதினான்கு மெயிலிலும் ஸ்டர்டிவன்ட் சார்.

இந்த இடத்தில் என் நிலைமையைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: போடு என்று சொல்வது. தொழிலில் அது சர்வ சாதாரணம்; கையில் ஒரு இடத்தை வைத்துக்கொண்டு பெரிய இடத்தில் பேரம் பேசுவதற்கு என்னென்ன எழுத வேண்டும் என்று என் கம்ப்யூட்டரில் மூன்று மாதிரிகள் இருந்தன. அவன் பேசினால் அவர்கள் எடுப்பார்கள். இவனை எடுக்காதவர்கள் யார்? அவன் அங்கே போனால் இங்கே காலியாகும். பேரை மட்டும் மாற்ற வேண்டும். மூன்று வருடம், பதினான்கு மெயில், நானூறு கேள்வி, அம்மாவின் தவணை, எல்லாம் ஒரே வார்த்தையில் கைக்கு வந்துவிடும்.

வாயைத் திறந்தேன். அதற்குள் அவனை அந்தப் பெரிய கட்டிடத்தின் நாற்பதாவது மாடியில் பார்த்துவிட்டேன். மேஜையில் ஒரு கல். கல்லூரிப் பத்திரிகையின் அட்டையில் அவன் படம், சுத்தியலோடு. நான் பார்க் அவென்யூவில் பதினோராவது மாடியில், அவன் வேண்டாம் என்று விட்ட நாற்காலியில். ஸ்டர்டிவன்ட் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்தக் கிணற்றுப் பையன் எப்படி இருக்கிறான் என்று விசாரிப்பார். நன்றாக இருக்கிறான் சார் என்று நான் சொல்ல வேண்டும். பத்து வாரம். அப்புறம் வாழ்நாள் முழுக்க.

அந்தப் பார்க் அவென்யூ நாற்காலியில் அவன் உட்கார்ந்து, நான் ஊரில் இருந்தால் அது எனக்கு வந்த அநியாயம். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிப் புலம்பலாம். அவன் எனக்கு மேலே போனால் சொல்லிப் புலம்பக்கூட ஒன்றும் மிஞ்சாது.

"போடாதே" என்றேன்.

ஆரம்பித்த பிறகு எனக்கே நிறுத்த முடியவில்லை. இந்தத் தொழிலில் வாக்குதான் மூலதனம் என்றேன். நான் அந்தத் தொழிலில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. அந்த மனுஷன் உன்னை நம்பி நான்கு பேரிடம் வாதாடியிருப்பார், அவர் முகத்தில் கரி பூசலாமா என்றேன். நமக்குப் பின்னால் வரப்போகிற மாணவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிடும் என்றேன். பின்னால் வரப்போகும் மாணவர்களைப் பற்றி அதற்கு முன் நான் நினைத்ததே இல்லை. திங்கள் வரை காத்திருப்பதே அவருக்கு ஒரு மாதிரி இருக்கும், இப்போதே கூப்பிட்டுச் சரி என்று சொல்லிவிடு என்று முடித்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் செய்தித்தாளை இறக்கிவிட்டு என்னை மரியாதையோடு பார்த்தார்.

ஆன்சல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நீ சொல்றது சரிதான்டா. எனக்கே கேவலமாத்தான் இருந்துச்சு" என்றான். அட்டையை பிரெட்செல் சுற்றியிருந்த காகிதத்தோடு சேர்த்துக் கசக்கினான். அங்கேயே, என் எதிரிலேயே, போனை எடுத்து ஸ்டர்டிவன்டைக் கூப்பிட்டான்.

ஒத்துக்கொண்டதை அவன் சொல்லி முடித்தபோது என் இடம் போய்விட்டது. கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தைக் குறித்துக்கொள்ளலாம் போல் அவ்வளவு துல்லியமாக அது போனது. வருத்தமாகத்தான் இருந்தது. அதோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நிம்மதியும் இருந்தது.

ஆன்சல் போனில் என் பெயரைச் சொல்வது கேட்டது. பெரிய வங்கியின் அட்டை, தன் தடுமாற்றம், நான் சொன்ன புத்திமதி, எதையும் மறைக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டிருந்தான். பிறகு போனை என்னிடம் நீட்டினான். "க்ளென் உன்கிட்ட பேசணுமாம்."

வாங்கிக் காதில் வைத்தேன்.

"கர்ட்டிஸ், ரோஸ்லின் உன்னைக் கூப்பிட்டாளா?" என்றார் ஸ்டர்டிவன்ட்.

"கூப்பிட்டாங்க சார்."

"அப்ப அடுத்த ஆள் நீதான்னு தெரியும்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா அவனைச் சரின்னு சொல்லச் சொன்ன?"

இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவர் எதையும் மெல்லாமல் என் பதிலுக்குக் காத்திருந்தார்.

"இருபத்தஞ்சு வருஷமா இந்தக் கட்டிடத்துல இருக்கேம்பா. இப்படி ஒருத்தனைப் பார்த்ததில்ல" என்றார். குரல் நிஜமாகவே கரகரத்தது. "உண்மையைச் சொல்றேன், தப்பா நினைக்காதே. அடுத்த வருஷம் உனக்கு ஒரு நிரந்தர வேலை பார்க்கலாமான்னு மனசுல ஒரு யோசனை இருந்துச்சு. இப்ப வேண்டாம்னு தோணுது. உன்னை மாதிரி ஆளை இங்க ஒரே வாரத்துல முழுசா முழுங்கிடுவாங்க. இது நல்லவங்க இருக்கிற இடமில்ல. ஏதாவது பள்ளிக்கூடம், தர்ம ஸ்தாபனம், அந்த மாதிரி பாரு. நான் கடுதாசி தரேன்."

"ரொம்ப நன்றி சார்" என்றேன்.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது ஆன்சல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மேஜை சின்னது, அவர் குரல் பெரியது.

"அடுத்தது நீயாடா?" என்றான். "அப்ப வந்தது உங்கம்மா போன் இல்லையா?"

அவன் கண் கலங்கியிருந்தது. கிணறு தோண்டுகிற, பாறையைச் சுமக்கிற பையன், ஒரு விமான நிலையத்தில் அத்தனை பேர் எதிரில், எனக்காகக் கண் கலங்கினான். இந்த மாதிரி ஒரு மனிதனைத் தன் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்றான் அவனும். பக்கத்து நாற்காலிக்காரர் தலையை ஆட்டினார்.

அப்படியெல்லாம் இல்லை என்று உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஆனால் அந்த நாள் முழுவதும் எனக்கென்று கிடைத்தது அந்த ஒரு நல்ல பெயர்தான். அதையும் அவனுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.